ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு குடம்

எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில், படி இறங்கும் பக்கத்து ஓட்டின் மேல், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பதைப் போன்ற எஃகு அளவுகோல் ஒன்று செங்குத்தாக ஒட்டப்பட்டிருக்கிறது. குளம் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையது. நீர்ப்பரப்பு 32 சதுர மீட்டர். ஆகவே அந்த அளவுகோலில் நீர் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் 32 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். சென்னைத் தெருக்களில் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் அது ஏறத்தாழ இரண்டு குடம். இந்த எளிய கணக்கைப் போடுவதற்கு எனக்குக் குளம் கட்டி ஏழு ஆண்டுகள் ஆயின. அதுவரை, நீர் குறைந்தால் குழாயைத் திறந்துவிடுவதும், ஆழ்துளைக் கிணறு கைவிட்டால் லாரிக்குச் சொல்வதுமே பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் 2012-இல் குளம் கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தந்தையின் முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டதால், உடல் எடை மூட்டில் அழுந்தாதபடி நீருக்குள் நடந்து பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். காரணம் நல்லதாக இருந்தாலும், 43,000 லிட்டர் நீரைத் திறந்தவெளியில் வைத்துக் காப்பது என்ன செலவை இழுக்கும் என்பதை அப்போது யாரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கட்டித் தந்தவர் மோட்டாரையும் மணல் ஃபில்டரையும் காட்டிவிட்டு, வாரம் இருமுறை ஓர் ஆளை அனுப்பிவைப்பதாகச் சொல்லிச் சென்றார்.

2019 கோடைதான் என்னை உறுத்தியது. அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய, சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். கையில் இருந்த தாளில் வகுத்துப் பார்த்தேன்: அவ்வளவு ஏற்பாடுகளோடு ஊரே வியந்து பார்த்த அந்த ரயில், எங்கள் குளத்தைப் போன்ற 58 குளங்களை மட்டுமே நிரப்பும். அந்த வாரம்தான் நானும் குளத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரியைத் தனியாரிடம் வாங்கியிருந்தேன். அந்த லாரிகள் நகரத்துக்கு வெளியே வயற்காட்டுக் கிணறுகளிலிருந்து மொண்டு வருகின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. லாரி எங்கள் வாசலில் நின்ற அரை மணி நேரத்தில், தெருவில் சென்ற இருவர் அது வீட்டு உபயோகத்துக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய்யில்லை என்றாலும், முழு உண்மையும் இல்லை.

குற்ற உணர்ச்சியில் நான் அடுத்துச் செய்தது அதைவிடப் பெரிய தவறு. இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று வாரங்களில் நீர்மட்டம், மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் வாயின் கீழ் இறங்கியது. மோட்டார் நீரோடு காற்றையும் இழுக்கத் தொடங்கியதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஓடாத நீரில் குளோரின் நிற்கவில்லை. பத்து நாளில் குளம் பாசிபிடித்த கோயில் தெப்பக்குளத்தைப் போலப் பச்சையாகி, கொசுப்புழுக்கள் நெளியத் தொடங்கின. பராமரிப்பு ஆள் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் வெளியேற்றிக் கழுவிப் புதிதாக நிரப்புவதுதான் வழி என்றார். நீரைச் சேமிக்க நினைத்து ஒரு முழுக் குளத்தையே சாக்கடைக்கு அனுப்பும் நிலைக்கு வந்திருந்தேன்.

அதைச் செய்யாமல் தடுத்தது ஒரு பொறியாளர் நண்பர். பச்சையான குளத்தை வெளியேற்ற வேண்டிய தேவை மிக அரிது. அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு சேறு சேர்ந்திருந்தால் ஒழிய, அதே நீரையே மீட்டுவிடலாம் என்றார். மிதக்கும் குப்பையையும் அடியில் கிடந்த இலைகளையும் வலையால் வாரி எடுத்தோம். மோட்டார் ஓடுவதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் நீரை ஏற்றி, திரவ குளோரினை மாலைதோறும் ஊற்றி, அதன் அளவைச் சோதனைப் பெட்டியால் நாளுக்கு இருமுறை பார்த்து, உயர்ந்த நிலையிலிருந்து இறங்கவிடாமல் வைத்து, சுவர்களைத் தூரிகையால் தேய்த்து, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டோம். பச்சை முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு பாலைப் போலக் கலங்கி, ஒன்பதாம் நாள் தரையின் ஓடுகள் தெரிந்தன. கடைசிக் கலங்கலுக்குச் சிறிது படிகாரம் போட்டோம். கிணற்று நீருக்குத் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்ட ஊர்க்காரர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. கலங்கலைத் திரட்டி அடியில் படியவைப்பதுதான் இரண்டும் செய்யும் வேலை. படிந்த வண்டலை உறிஞ்சி வெளியேற்றுகையில் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் போயிற்று. 43,000 லிட்டரோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதே.

காலி செய்யாமல் இருப்பதற்கு நீர்ச் சிக்கனத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கடலோர மணற்பாங்கில் மழைக்காலத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் மிக மேலே வந்து நிற்கும். குளத்தில் நீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலி செய்துவிட்டால் கீழிருந்து வரும் அழுத்தம் தொட்டியைத் தோணியைப் போலத் தூக்கித் தரையைப் பிளந்துவிடக் கூடும். டிசம்பரில் குளத்தைக் கழுவி வெள்ளையடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கடற்கரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்க வேண்டியதில்லை.

அளவுகோலை ஒட்டியது அந்த ஆகஸ்டில். முதல் வாரத்திலேயே கணக்கு இடித்தது. வெயில் தணிந்திருந்த நாட்களிலும் நாளுக்கு 9 மில்லிமீட்டர், சில நாள் 10 என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆவியாதல்தான் என்று நான் சொன்னபோது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மறுத்தார். “ஐயா, வெயில் இவ்வளவு குடிக்காதுங்க. மோட்டார் ரூமுக்குப் பின்னாடி இருக்கிற வாழையைப் பாருங்க” என்றார். பார்த்தேன். மற்ற வாழைகள் இலை கருகி நின்ற கோடையில் அந்த ஒன்று மட்டும் தண்டு பருத்து, இலை பளபளத்து, பக்கக் கன்று இரண்டோடு செழித்திருந்தது.

கசிவா, ஆவியாதலா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். வாளியில் குளத்து நீரையே நிரப்பி, மிதந்துவிடாமல் இருக்க ஒரு கல்லைப் போட்டு, பாதிக்கு மேல் நீரில் அமிழுமாறு குளத்தின் மேற்படியில் வைக்க வேண்டும். வாளிக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும், வெளியே குளத்தின் நீர்மட்டத்தையும் வாளியின் மீதே கோடிட்டுக் குறித்து, இருபத்துநான்கு மணி நேரம் யாரும் இறங்காமல், எதுவும் ஊற்றாமல் விட வேண்டும். வாளி குளத்துக்குள்ளேயே இருப்பதால் இரண்டிலும் வெப்பம் ஒன்றே, காற்று ஒன்றே; ஆகவே ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். வெளிமட்டம் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தக் கூடுதல் கசிவு. மழை நாளிலும் பலத்த காற்று நாளிலும் இதைச் செய்து பயனில்லை. எங்களுக்கு உள்ளே 5, வெளியே 9 என்று வந்தது. கசிவு 4 மில்லிமீட்டர், நாளுக்கு 128 லிட்டர், எட்டுக் குடம். ஆண்டுக்குப் பெருக்கினால் 46,000 லிட்டருக்கு மேல். அதாவது எங்களுக்குத் தெரியாமலே ஒவ்வோர் ஆண்டும் குளத்தை ஒரு முறை முழுவதுமாகக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மோட்டாரை ஓட்டாமல் இதே சோதனையைத் திரும்பச் செய்தேன். உள்ளும் புறமும் ஒரே அளவாக இறங்கின. ஆக, தொட்டியில் விரிசல் இல்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் நீர் எங்கோ போகிறது. ஃபில்டரின் தலையில் இருக்கும் பல வழி வால்வுக்குள், வழிகளைப் பிரித்து அடைக்கும் சிலந்தி வடிவ ரப்பர் ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டால், வால்வு சரியான நிலையில் இருந்தாலும் நீரில் ஒரு பகுதி கழிவுக் குழாய் வழியே ஓசையின்றிப் போய்க்கொண்டிருக்கும். கழிவுக் குழாயின் மறுமுனை மண்ணுக்குள் புதைந்து அந்த வாழையின் அடியில் முடிந்தது. ரப்பரை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. அதன் விலை ஒரு லாரித் தண்ணீரின் விலைக்கு அருகில்கூட வராது. கழிவுக் குழாய் மண்ணுக்குள் மறைந்து முடியாமல், நீர் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே திறந்திருக்க வேண்டும் என்பதைக் குளம் கட்டுவோர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஆவியாதல். மே மாதத்தில், கடற்காற்று நுழைவதற்கு முன் வறண்ட மேல்காற்று வீசும் நாட்களில், எங்கள் குளம் நாளுக்கு 7 மில்லிமீட்டர் இழக்கிறது. 224 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 6,700 லிட்டர். மழைக்கால மேகமூட்டத்தில் இது 3-க்கும் கீழே வந்துவிடும். வெயில் அடிக்கும் பகலில்தான் நீர் ஆவியாகிறது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பகலெல்லாம் சூடேறிய நீர் இரவுக் காற்றில் தொடர்ந்து ஆவியாகிக்கொண்டிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறும்வரை ஆவி விடுவதைப் போல. ஆகவே இரவில் மூடுவது பயன் தரும். குமிழ்வைத்த பிளாஸ்டிக் மூடி நீரின் மேல் ஒட்டிக் கிடப்பதால், மூடியிருக்கும் நேரத்தில் ஆவியாதலை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடுகிறது.

ஆனால் இந்த மூடிகள் குளிர்நாட்டுக் குளங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே நீரைச் சூடாக வைத்திருப்பதும் அவற்றின் வேலை. ஒளி ஊடுருவும் நீல நிற மூடியைச் சென்னை வெயிலில் பகலில் விரித்து வைத்தால், குளம் அண்டாவில் காய்ச்சிய வெந்நீராகிவிடும். நீர் சூடானால் குளோரின் செலவும் பாசியும் கூடும். முதல் ஆண்டு நான் அந்தத் தவறைச் செய்து மூடியையே குறை சொன்னேன். இப்போது ஒளி புகாத வெள்ளை மூடியை வைத்திருக்கிறோம். மார்ச் முதல் செப்டம்பர் வரை மாலை ஆறு மணிக்கு மூடி, காலை ஏழு மணிக்குச் சுருட்டுகிறோம். குளிர்ந்த மாதங்களில் நீந்தாத நேரம் முழுவதும் மூடியே இருக்கும். நீந்துவதற்கு முன் மூடியை முழுவதும் எடுத்துவிட வேண்டும், பாதி மூடியபடி ஒருபோதும் யாரும் இறங்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் கண்டிப்பான விதியாக வைத்திருக்கிறோம். மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் குழந்தையால் மேலே வர முடியாது.

கோடைப் பகலுக்கு வேறு வழி தேடினோம். நாற்றங்கால்களில் கட்டும் பச்சை நிழல்வலையைக் குளத்தின் மேற்குப் பாதிக்கு மேல் கம்பத்தில் இழுத்துக் கட்டினோம். சூரிய ஒளிதான் குளோரினைச் சிதைப்பது என்பதால், நீரோடு சேர்ந்து குளோரினும் மிச்சமாயிற்று. காற்றைத் தடுக்கச் சவுக்கு வைக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இந்தக் கடற்கரையில் சவுக்குக்கு என்ன குறை என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் சவுக்கின் ஊசி இலைகள் ஸ்கிம்மர் கூடையை நாள்தோறும் அடைத்துக்கொள்ளும் என்பதைப் பக்கத்து மனையின் நிலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தென்னங்கீற்றுத் தட்டியை ஆள் உயரத்துக்கு மேற்குப் பக்கம் நிறுத்தினோம். பளிங்கு ஓட்டுக் குளத்துக்குப் பக்கத்தில் கீற்றுத் தட்டியா என்று என் மகள் முகம் சுளித்தாள். அளவுகோல் தட்டியின் பக்கம் நின்றது: இரவு மூடியால் மட்டும் 7 என்பது 5 ஆகியிருந்தது, வலையும் தட்டியும் சேர்ந்தபின் 4 ஆயிற்று. மூடி போட்டால் குளத்தில் ஈடுகட்ட ஊற்றும் நீர் 30 முதல் 50 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. எங்களுக்கு மூடியோடு வலையும் தட்டியும் சேர்ந்துதான் அந்த வரம்புக்குள் வர முடிந்தது.

மணல் ஃபில்டரைக் கழுவுவதில் நடந்துகொண்டிருந்த விரயம் எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது. பேக்வாஷ் என்பது நீரை எதிர்த்திசையில் செலுத்தி, மணலில் சிக்கிய அழுக்கை வெளியே தள்ளுவது. எங்கள் மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளக்கூடியது; நிமிடத்துக்கு 167 லிட்டர். பராமரிப்பு ஆள் வரும்போதெல்லாம், வாரம் இருமுறை, வால்வைத் திருப்பிவிட்டு ஐந்து நிமிடம் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாதத்துக்கு 7,000 லிட்டர். தேவை இருந்ததா என்றால், ஃபில்டரின் மேலேயே அதைச் சொல்லும் அழுத்தமானி இருந்தது. அதன் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. சுத்தமான ஃபில்டரில் முள் 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் நிற்கும். அழுக்கு சேரச் சேர ஏறும். எட்டு முதல் பத்து வரை கூடியபின் கழுவினால் போதும். அதற்கு முன் கழுவுவது வீண் மட்டுமன்று, கெடுதலும்கூட. மணலிடையே ஓரளவு அழுக்கு தங்கியிருக்கும்போதுதான் இடுக்குகள் சிறுத்து, நுண்ணிய தூசியையும் மணல் பிடித்து வைக்கிறது. அடிக்கடி கழுவிய மணல் கலங்கலை அப்படியே குளத்துக்கு அனுப்பிவிடும்.

இப்போது மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, முள் 20-ஐத் தொட்டபின், வால்வின் பக்கத்துக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை கழுவுகிறோம். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது. பிறகு அரை நிமிடம் அலசல். மொத்தம் 420 லிட்டர் அளவில் முடிகிறது. அதிலும் பெரும்பங்கு இரண்டு 200 லிட்டர் பீப்பாய்களில் பிடிக்கப்பட்டு, குளோரின் போகும்வரை இரண்டு நாள் வெயிலில் திறந்து கிடந்து, தென்னைக்கும் காகிதப்பூச் செடிக்கும் போகிறது. குளத்து நீரில் சேர்ந்திருக்கும் உப்பை அவை தாங்கும். நான் ஆர்வக்கோளாறில் கறிவேப்பிலைக்கு ஊற்றி, பத்து வயதான செடியைப் பறிகொடுத்தேன். அதைப் பற்றி வீட்டில் இன்னமும் பேச்சு நிற்கவில்லை. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: இந்தக் கழுவு நீரை மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குள் விடக் கூடாது. நிலத்தடியில் இருக்கும் கொஞ்ச நல்ல நீரையும் அது கெடுக்கும். புதிதாகக் குளம் அமைப்பவர்கள் மணலுக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை வைத்தால் பேக்வாஷே கிடையாது. வடிகட்டியைக் கழற்றிக் குழாய் நீரில் கழுவி மாட்டிவிடலாம்.

அடுத்துச் சொல்லப்போவது நீரைப் பற்றியதாகத் தோன்றாது. ஆனால் பல குளங்கள் பாதிக்குப் பாதி வெளியேற்றப்படுவது இதனால்தான். கடையில் டப்பாவில் கிடைக்கும் குளோரின் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதன் வேலை. 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு) வரை இருந்தால் நல்லது. சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிவிடும், அந்த அமிலம் செலவாகாது, ஆவியாகவும் செய்யாது. எங்கள் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் அமிலம் சுமார் இரண்டரை பிபிஎம் கூடுகிறது. வாரம் நான்கு மாத்திரை போட்டால் பத்து வாரத்தில் 100. அந்த நிலையில் குளோரின் இருந்தும் வேலை செய்யாமல் மந்தமாகிவிடும்; பாசி வரும்; இன்னும் மாத்திரை போடுவோம்; அமிலம் இன்னும் ஏறும். அதைக் குறைக்க வீட்டுக் குளத்துக்கு எளிய மருந்து இல்லை. 100-ஐ 50-க்குக் கொண்டுவரப் பாதிக் குளத்தை, அதாவது 21,600 லிட்டரை, வெளியேற்றிப் புது நீர் ஊற்ற வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு லாரி. மாத்திரை விற்பவர் இதை ஏன் சொல்லப் போகிறார்?

ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டோம். சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவ குளோரினை மாலையில் ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு ஊற்றுகிறோம். வெயிலில் நீர்த்துவிடும் என்பதால் கேனை நிழலில் வைத்து, பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறோம். அது சிறிது உப்பைச் சேர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உப்பு குளோரினின் வேலையைக் கெடுப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரால் ஓடுகளில் வெள்ளைப் படிவு வருவதற்கும் குளத்தை மாற்றத் தேவையில்லை. காரத்தன்மையைத் தாழ்வாகவும் பிஎச் அளவை 7.2-க்கும் 7.4-க்கும் இடையிலும் வைத்தால் சுண்ணாம்பு பெரும்பாலும் நீரிலேயே கரைந்து நிற்கும்.

இந்தக் குளத்துக்கு உண்மையில் நல்ல நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வானத்திலிருந்துதான். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. 32 சதுர மீட்டரில் அது 44,800 லிட்டர். எங்கள் குளத்தின் முழுக் கொள்ளளவைவிட அதிகம். ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. குளத்தின் வழிவாய் வரை இருக்கும் இடைவெளியோ 15 சென்டிமீட்டர்தான், 4,800 லிட்டருக்கு மேல் பிடிக்காது. முன்பெல்லாம் பெருமழை வரும் என்றால் பராமரிப்பு ஆள் முன்கூட்டியே நீரை வெளியேற்றிவிடுவார். நிரம்பினால் தானாக வழிந்து போகும் குளத்துக்கு இது எதற்கு என்று நான் கேட்டதில்லை. இப்போது மழைக்காலத்தில் எதையும் வெளியேற்றுவதில்லை; வழிவது வழியட்டும். புதிய மழைநீர் விழ, உப்பும் சுண்ணாம்பும் ஏறிய பழைய நீரில் ஒரு பகுதி கலந்து வழிந்துபோவதால், லாரி வைத்துச் செய்ய வேண்டிய நீர் மாற்றத்தை மழை தானே செய்து தருகிறது. நவம்பருக்குப் பிறகு சோதித்தால் எல்லா அளவுகளும் இறங்கியிருக்கும்.

மொட்டைமாடி நீருக்கும் வேலை இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டபோது எல்லோரையும் போல நாங்களும் ஒரு குழாயைக் குழிக்குள் இறக்கி முடித்திருந்தோம். 2020-இல் அதைப் பிரித்து, மாடியின் 100 சதுர மீட்டரில் விழும் நீர், முதல் மழையைக் கழித்துவிட்டு, மணலும் சரளையும் நிரப்பிய தொட்டி வழியே 12,000 லிட்டர் தரைத் தொட்டிக்கு வரச் செய்தோம். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். இந்த ஊரில் ஒரே இரவில் அது பெய்யும். தொட்டி நிரம்பியபின் மிச்சம் உறைகிணற்றுக்குப் போகிறது. ஜனவரியிலிருந்து குளத்துக்கு ஊற்றுவது இந்த நீர்தான். ஏப்ரல் வரை வந்துவிடுகிறது. மே, ஜூன் இரண்டு மாதங்களை மட்டும் இன்னும் சமாளிக்க முடியவில்லை. பழைய கோடைக் கணக்கில் ஆவியாதல் 6,700, கசிவு 3,800, பேக்வாஷ் 7,000 என்று மாதம் ஒன்றரை லாரி போயிற்று. இப்போது அதே மாதத்துக்கு 4,300 லிட்டர் அளவில் போகிறது. சென்ற ஆண்டு ஒரே ஒரு லாரி வாங்கினோம்.

மற்றவை சிறிய செய்திகள். குளத்தின் ஓரத்தில் இருந்த சிங்கமுக நீரூற்றை நிறுத்திவிட்டோம். சிதறும் ஒவ்வொரு துளியும் காற்றுக்குப் பரப்பைக் கூட்டித் தருகிறது. நீர்மட்டத்தை விளிம்புவரை ஏற்றாமல் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிறுத்துவதால், பேரப்பிள்ளைகள் குதிக்கும்போது வெளியே சிந்துவது குறைந்தது. இறங்குமுன் குளித்துவிட்டு வர வேண்டும் என்பதைப் பெரியவர்கள்தாம் மீறுகிறார்கள். ஒரு சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்ட என் மைத்துனர், சீயக்காய் எதற்கு, குளத்திலேயே முழுகிவிடலாம் என்று இறங்கிவிட்டார். ஃபில்டரின் அழுத்தமானி இரண்டு நாளில் 20-ஐத் தாண்டியது. அந்த ஒரு முழுக்குக்கு 420 லிட்டர்.

ரப்பர் மாற்றியபின் மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த வாழை வாடத் தொடங்கியது. தோட்டக்காரப் பெரியவர் அதைக் கண்டு வருந்தி, படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு குழாய் போட்டு அதன் அடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். புழுக்கமான இரவில் ஒரு வாளிக்குக் குறையாமல் வருகிறது. வாழை பிழைத்துக்கொண்டது. ஆனால் முன்பு பத்துச் சீப்பு போட்ட இடத்தில் இந்த ஆண்டு ஆறு சீப்புதான். குலையை இறக்கி வைத்துவிட்டு, பழைய கசிவையே கொஞ்சம் விட்டுவைத்திருக்கலாம் ஐயா என்றார்.